கட்டிய வீட்டை வாங்குவதா, மனையில் கட்டிக்கொள்வதா? – அனுபவப் பகிர்வு

தாம்பரம் பகுதியிலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு தேடுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறோம். தன் விருப்பப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. எனக்கோ, கட்டி முடியும் வரை வீட்டு வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரிக்குமே என்ற கவலை. பலமுறை கூடிப் பேசிய பிறகு, தாம்பரத்துக்கு மேற்கே 2008ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு தனி வீட்டை வாங்கினோம். பணக்கணக்கைவிடத் தண்ணீரைப் பற்றிய அச்சமே எங்களை அந்த முடிவுக்குத் தள்ளியது என்பதால், அதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை என்ன பாடு படுத்தியது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. புதிய மனைப்பிரிவுகளைப் பெரும்பாலும் கோடையில்தான் காட்டுகிறார்கள். எல்லைக்கல் நட்டு, செம்மண் கொட்டி மேடாக்கி, தார்ச்சாலையும் போட்டுவிட்ட பிறகு, ஐப்பசி கார்த்திகையில் அந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும், எத்தனை நாள் நிற்கும் என்பதை வாங்குகிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது. 2008இல் கட்டிய வீடு அப்படியல்ல; அது 2015ஐயும் பார்த்திருக்கிறது, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்திருக்கிறது. நாங்கள் பார்க்கப் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா, தம் வீட்டுச் சுற்றுச்சுவரில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடிய மங்கலான பழுப்புக் கோட்டைக் காட்டி, 2015இல் தெருவில் நின்ற தண்ணீர் அதுவரை ஏறியது என்றும், இந்த வீடு அடித்தளம் உயர்த்திக் கட்டியது என்பதால் உள்ளே வரவில்லை என்றும் சொன்னார். தரகர் சொன்ன எதையும்விட அந்தக் கோடு எனக்குப் பெரிய சான்றாக இருந்தது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில் வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன; பலத்த மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராக வாசலுக்குள் இறங்குகிறது. இதற்காகவே வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை இங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்த வேறொரு வீட்டை, வாசலில் இறங்கிப் போக வேண்டிய படி இருந்த ஒரே காரணத்துக்காக நாங்கள் வேண்டாம் என்று விட்டோம்.

கட்டடத்தைப் பார்ப்பதற்கு உறவினர்களைக் கூட்டிப் போவதைவிட, கட்டணம் கொடுத்து ஒரு சிவில் பொறியாளரை அழைத்துப் போவது நல்லது. எங்களுடன் வந்தவர் முதலில் கூடத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், ஒரு சிறு சுத்தியலால் மேற்கூரையை இடம் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். மற்ற இடங்களில் கெட்டியாகக் கேட்ட ஓசை ஒரு மூலையில் மட்டும் பொள்ளலாகக் கேட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருப்பதால் காரை கம்பியை விட்டு விலகியிருக்கிறது என்று விளக்கினார். அந்த மூலையைக் கொத்திச் சரிசெய்யும் செலவை விலையில் குறைத்துத் தர விற்றவர் ஒப்புக்கொண்டார். புதிதாக வெள்ளையடித்த வீட்டைப் பார்க்கும்போது, தரையை ஒட்டிய ஓரடிச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஓதம் ஏறும் சுவரில் பட்டி உப்பிப் பொடியாக உதிரும்.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டிய வீட்டுக்குத் தொடக்கத்தில் கைப்பணம் கூடுதலாக வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 9 விழுக்காடு ஆகிறது. மனையை மட்டும் வாங்கினால் நிலத்தின் மதிப்புக்கு மட்டும் இதைக் கட்டுகிறோம். வீட்டோடு வாங்கினால் கட்டடத்தின் மதிப்புக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். 40 லட்ச ரூபாய் மனைக்கு 3,60,000 ரூபாய் என்றால், 70 லட்ச ரூபாய் வீட்டுக்கு 6,30,000 ரூபாய். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பதிவுச் செலவும் அந்த மதிப்பில் சேராது. ஆகவே 70 லட்ச ரூபாய் வீட்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் நம் கையில் இருந்தாக வேண்டும். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே அதில் 1 விழுக்காட்டை வாங்குகிறவர் பிடித்தம் செய்து, விற்றவரின் பெயரில் வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம் போகவே வேண்டாம்; அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, பத்திர மதிப்பு குறைந்தால் கிடைக்கும் கடனும் குறைந்துவிடும்.

கோவில்பட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தாம்பரத்து ஐயா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மாமனார் வழியில் வந்த மனை எங்களுக்கு இருந்தது. நிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாத நிலையில், இன்னொருவர் கட்டிய வீட்டுக்கு நிலத்தின் விலையையும் சேர்த்துக் கொடுப்பது பொருளற்றது என்று தோன்றியதால் கட்டத் துணிந்தோம். என் கணவர் வெளியூரில் வேலை பார்ப்பதால் வேலையை நான்தான் நின்று பார்த்தேன்.

எங்கள் ஊர் மண் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் நிலத்தில் போடுகிற ஆழத்துக்கு இங்கே அடித்தளம் போட்டால், ஒன்றிரண்டு கோடைக்குள் சுவரில் மூலைவாட்டாக விரிசல் வந்துவிடும். விற்பனைக்கு வந்த சில வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பிக் கூரையை நோக்கிப் போகும் அந்த விரிசலைப் பூசி மறைத்திருந்ததை நானே பார்த்தேன். பிறர் கட்டிய வீட்டில் அடித்தளம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தோண்டிப் பார்க்க முடியாது. தண்ணீர் எதுவரை வந்தது என்பதைச் சுவரில் கண்ணால் பார்த்துவிடலாம், அடித்தளத்தை அப்படிப் பார்க்க வழியில்லை. கரிசல் நிலத்தில் நான் கட்டுவதன் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். நாங்கள் மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொன்ன ஆழத்துக்குக் குழி எடுத்து, எடுத்த கரிசலைத் திரும்பப் போடாமல் சரள் மண் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித்தோம். அதற்குக் கூடுதலாகச் செலவழிந்தது. அந்தப் பணத்தைக் கூடத்து டைல்ஸிலும் வாசல் கதவிலும் குறைத்துக்கொண்டோம்.

மொத்தக் கான்ட்ராக்ட் விடுவதா, பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி கான்ட்ராக்ட் மட்டும் விடுவதா என்று எல்லாரும் கேட்பார்கள். தினமும் ஒருவர் நின்று பார்க்க முடிந்தால் கூலி கான்ட்ராக்ட் நல்லது. முடியாது என்றால் அதைத் தொடவே வேண்டாம், சிமென்ட் மூட்டைக்குக் கணக்கு இருக்காது. எப்படி விட்டாலும், கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின மாலை கம்பி கட்டியதை நாமே ஏறிப் பார்க்க வேண்டும். கூரைக் கம்பி பலகையில் படுத்துக் கிடக்கக் கூடாது. அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) வைத்துத் தூக்கியிருக்க வேண்டும், தூண் கம்பிக்கு 40 மில்லிமீட்டர். எங்கள் வீட்டில் ஓரத்து அறைக்கு மட்டும் கவர் பிளாக் வைக்காமல் விட்டிருந்தார்கள். மறுநாள் லாரி வருவதற்கு முன்பே வைக்கச் சொன்னேன். மேஸ்திரி சிறிது முகம் சுளித்தாலும் வைத்துவிட்டார். தாம்பரத்துப் பொறியாளர் தட்டிக் கண்டுபிடித்த அந்தப் பொள்ளல் மூலை, கட்டிய காலத்தில் இந்த இருபது மில்லிமீட்டர் இல்லாமல் போனதாலும் வந்திருக்கலாம். கான்கிரீட் இறுகிய பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இப்போது பெரும்பாலும் கிடைக்கிற சாம்பல் கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இது சிறிய செலவில்லை, லாரித் தண்ணீர் வாங்கித்தான் ஊற்றினோம்.

வங்கிக் கடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டுகிறவருக்குப் பணம் மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்), கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு, வங்கிப் பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தொகை வரும். முடித்த வேலைக்குத்தான் பணம் என்பதால், அந்த வேலையை முடிக்க வேண்டிய பணம் முன்கூட்டியே நம்மிடம் இருக்க வேண்டும். இடையில் பணம் தடைபட்டு வேலை நின்றால் கொத்தனாரும் சித்தாளும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைத் திரும்பக் கூட்டுவது பெரும்பாடு. நகையை வைத்தாவது ஒரு கட்டத்துக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அனுமதி வாங்குவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுகிறவர்கள், சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடியாக அனுமதி பெறலாம். நாம் கொடுக்கும் சான்றுக்கு நாமே பொறுப்பு என்பதால், வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியைக் கட்டும்போது விழுங்கிவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், அதற்கு முன் வாங்கிய மதிப்பீடு கையில் இருந்தால் புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் கட்டடத்தையும் மண்ணையும் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பத்திரத்தைப் பற்றியது. நாங்கள் வாங்கியது ஒரு குடும்பத்தின் பூர்வீக வீடு. அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து விற்பதாகச் சொன்னார்கள். வில்லங்கச் சான்றிதழில் எந்தக் குறையும் இல்லை, பட்டாவும் அவர்கள் பெயரில் மாறியிருந்தது. எங்கள் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அதில் இரண்டு சகோதரிகளின் பெயரும் இருப்பது தெரிந்தது.

வில்லங்கச் சான்றிதழில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். எழுதிப் பதியாத உரிமை அதில் தெரியாது. பட்டா மாறியிருப்பதாலும் சகோதரிகளின் பங்கு போய்விடாது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை கொடுத்திருக்கின்றன. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. “அக்காதங்கைகளுக்குக் கல்யாணத்தின்போதே சீர் செய்தாகிவிட்டது, அவர்கள் கேட்க மாட்டார்கள்” என்று அண்ணன் சொன்னார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் இன்று கேட்காதவர்களின் பிள்ளைகள் பின்னாளில் கேட்கலாம், அப்போது நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியது வாங்கிய நாம்தான்.

சகோதரிகள் இருவரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முன்கூட்டியே தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தர வேண்டும் என்று உறுதியாகச் சொன்னோம். மூத்தவர் நேரில் வந்து கையெழுத்திட ஒப்புக்கொண்டார். இளையவர் சிங்கப்பூரில் இருப்பதால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற, தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை அனுப்பி வைத்தார். வெளிநாட்டில் எழுதிய அத்தகைய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் பதிவு நேரத்தில் சிக்கல் வரும். அந்த வேலை முடியும் வரை நாங்கள் முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.