வளை தோண்டும் டரான்டுலாவுக்குத் தண்ணீர் எப்படி வைப்பது? ஸ்பாஞ்ச் வேண்டுமா?

நீலி_மான்செஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். மான்செஸ்டரில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் கோபால்ட் ப்ளூ டரான்டுலா ஒன்று வாங்கினேன். பெண் சிலந்தி. காலை விரித்தால் பத்து சென்டிமீட்டர் இருக்கும். நீலி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கடையில் சிலந்தியோடு பெட்டியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம். உள்ளே ஐந்து சென்டிமீட்டருக்கு கோகோபீட் (தென்னை நார்த் தூள்), கவிழ்த்து வைத்த பாதிச் சிரட்டை, ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஸ்பாஞ்ச் துண்டு. அதை எடுத்தால் சிலந்தி தண்ணீரில் மூழ்கிவிடும் என்றார்கள். மழைக்காட்டுச் சிலந்தி என்பதால் தினமும் ஸ்பிரே அடிக்க வேண்டுமாம். பெட்டிக்கு அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. சொன்னதையெல்லாம் அப்படியே செய்துவருகிறேன்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த எட்டு நாளாக அது தரையிலேயே இல்லை. பகல் முழுக்க மேல் மூலையில் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது. ஒரு துளி மண்ணைக்கூடத் தோண்டவில்லை. வாங்கிவந்த அன்று வயிறு கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருந்தது. இப்போது ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது. சிரட்டைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. மூடியைத் திறந்தால் மக்கின வாடை.

பெட்டி முழுக்க ஈரம், ஆனால் சிலந்தி வற்றிப்போகிறது. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

செம்மண்_டொரொண்டோ:

தம்பி, முதலில் அந்த ஸ்பாஞ்சை எடுத்துக் குப்பையில் போடுங்கள். கிண்ணத்தை நன்றாகக் கழுவி, விளிம்புவரை குழாய்த் தண்ணீர் ஊற்றி, சிலந்தி தொங்குகிற மூலைக்கு அருகில் வையுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பதினொரு வருடமாக இந்தச் சிலந்திகளை வளர்க்கிறேன். நீங்கள் சொல்கிற பெட்டியைப் போலவே ஒன்றில்தான் என் முதல் சிலந்தி செத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டரான்டுலாவுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். முன்னங்கால்களை மடக்கி, முகத்தைக் கிண்ணத்துக்குள் இறக்கி, பல் இரண்டையும் விரித்து, மார்பு தண்ணீரில் படுகிற மாதிரி அப்படியே கிடக்கும். பத்து நிமிடம், சில நாள் அதற்கும் மேல். வாய் அந்தப் பற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே நேராகத் தண்ணீர் பட வேண்டும். ஸ்பாஞ்சிலிருந்து அதனால் ஒழுங்காக உறிஞ்ச முடியாது. செத்த பூச்சி, மண், கழிவு எல்லாம் சேர்ந்து நாலே நாளில் ஸ்பாஞ்ச் அழுகிவிடும். உங்களுக்கு அடிக்கிற வாடையில் பாதி அங்கிருந்துதான் வரும். மூழ்கிப்போகும் என்ற கவலையும் வேண்டாம். இவ்வளவு பெரிய சிலந்தி இரண்டு சென்டிமீட்டர் ஆழக் கிண்ணத்தில் மூழ்காது.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சிலந்தி காலை மடக்குவதற்குத்தான் தசை இருக்கிறது. பெரிய மூட்டுகளை நீட்டுவதற்கு உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் வேண்டும். உடல் வற்றினால் அந்த அழுத்தம் குறைந்துவிடும். கால்கள் உள்ளே சுருண்டு, மூடின கை மாதிரி ஆகிவிடும். வயிற்றில் சுருக்கம் அதற்கு முந்தின அறிகுறி. உங்கள் நீலி இன்னும் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது என்றால் பயப்படும் நிலை வரவில்லை. தண்ணீர் கிடைத்தால் தேறிவிடும்.

அடுத்தது வீடு. கோபால்ட் ப்ளூ மியன்மார், தாய்லாந்துப் பக்கத்துச் சிலந்தி. மழைக்காட்டுச் சிலந்தி என்ற பேச்சில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அங்கே மழைக்காலமும் உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வறண்ட காலமும் உண்டு. மேல் மண் காய்ந்து வெடித்தாலும் ஒரு முழத்துக்குக் கீழே ஈரம் நிற்கும். அந்த ஈரத்தைத் தேடித்தான் அது ஆழத்துக்குப் போகிறது. அதற்குத் தேவை ஈர மண். ஈரக் காற்றை அடைத்து வைத்தால் அதற்கு ஆகாது. ஸ்பிரே அடித்தால் நடப்பது நேர்த்தலைகீழ். மேலே சொதசொதவென்று நனைகிறது, காற்று புழுங்குகிறது, பூஞ்சை வருகிறது. அடியில் ஹீட் மேட் இருப்பதால் கீழ் மண் சுடுகிறது. சிலந்திக்குச் சூடு என்றால் தப்பிக்கிற வழி கீழேதான். உங்கள் பெட்டியில் கீழே போனால் இன்னும் சூடு. அது வேறு எங்கே போகும்? மேல் மூலைக்குத்தான் வரும். தயவுசெய்து அந்த மேட்டை இன்றிரவே அணைத்துவிடுங்கள்.

நான் இப்போது பவளம் என்ற கோபால்ட் ப்ளூவுக்கு வைத்திருக்கும் பெட்டிக்கு அடித்தளம் 30க்கு 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. அதில் 28 செ.மீ. வரை மண். கோகோபீட் மட்டும் போட்டால் வளை இடிந்து விழும். அதனால் உரம் கலக்காத தோட்டத்து மேல்மண் ஆறு பங்கு, கோகோபீட் மூன்று பங்கு, வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) ஒரு பங்கு எடுத்துக் கலக்கிறேன். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஐந்து ஐந்து சென்டிமீட்டராகப் போட்டு, கையால் நன்றாக அழுத்தி, அடுத்த அடுக்கு. தளர்வாகக் கொட்டினால் அது தோண்டாது. பெட்டியை வைக்கிற இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். நிரம்பிய பிறகு பதினைந்து கிலோவுக்கு மேல் வரும்; அசைத்தால் உள்ளே வளை நொறுங்கும்.

மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே 12 செ.மீ. போதும். வயிறு கனமான சிலந்தி, உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துவிடும். இப்போது மேல் மூலையில் தொங்குவதில் எனக்கு அதுவும் ஒரு கவலை. கம்பி வலை மூடியும் வேண்டாம், கால் நகம் மாட்டிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் சின்னச் சின்னத் துளை போடுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும்.

மண் போடும்போதே ஒரு மூலையில் கெட்டியான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அடிவரை நிறுத்திவிடுங்கள். மீன் தொட்டிக் குழாய் போதும். தண்ணீரை அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். பெட்டிச் சுவர் வழியாகப் பார்த்தால் அடியில் மண் கறுப்பாகவும் மேலே வெளிறியும் தெரியும். அந்தக் கறுப்புப் பட்டை ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சரி. மூன்றாகக் குறைந்தால் மெதுவாக ஒரு தம்ளர் ஊற்றுவேன். டொரொண்டோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது பத்து நாளுக்கு ஒரு தடவை, கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. நாளைப் பார்க்காதீர்கள், பட்டையைப் பாருங்கள்.

கடைசியாக, கார்க் மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன் அடியில் இரண்டு விரல் தடிமனுக்குச் சாய்வாக ஒரு குழி பண்ணிவிடுங்கள். மிச்சத்தை அது தோண்டிக்கொள்ளும்.

மாற்றும்போது கவனம். சில டரான்டுலாக்கள் மாதிரி எதிரி மேல் உதிர்க்கிற அரிப்பு மயிர் இதற்குக் கிடையாது. பயந்தால் கடிக்கும், மின்னல் மாதிரி ஓடும். கடித்தால் கடும் வலி, தசைப்பிடிப்பு நாள் கணக்கில் இருக்கும். குளியல் தொட்டியின் அடைப்பை மூடி, பெட்டியை அதற்குள் வைத்து, டப்பாவும் நீளமான பெயிண்ட் பிரஷ்ஷும் கொண்டு செய்யுங்கள். கையால் வேண்டவே வேண்டாம்.

குளிர்நாடு_எஸ்ஸென்:

அக்கா சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஹீட் மேட்டை அணைத்துவிட்டால் குளிருமே என்று நண்பர் யோசிப்பார். ஜெர்மனியில் என் அறை இரவில் 19 டிகிரி, பகலில் 22. ஆறு வருடமாக இரண்டு வளைச் சிலந்திகள் அதிலேயே நன்றாக இருக்கின்றன. கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடும், அவ்வளவுதான். 24, 25 இருந்தால் நல்லது. அதற்கு அறையைச் சூடாக்குங்கள், பெட்டியை வேண்டாம். ரேடியேட்டருக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், ஒரு பக்க மண் மட்டும் காய்ந்துவிடும்.

பூஞ்சைக்கு ஸ்பிரிங்டெயில் பூச்சி ஒரு டப்பா வாங்கிப் போடுங்கள். கடுகில் பாதிகூட இருக்காது. பூஞ்சையைத் தின்றுவிடும், சிலந்தியைத் தொந்தரவு செய்யாது. எனக்கு இதற்கப்புறம் பூஞ்சைக் கவலையே இல்லை.

மலைச்சாரல்_வால்பாறை:

நான் எதையும் வளர்ப்பதில்லை. ஆனால் எங்கள் பக்கம் மலைச்சாலைக்கு வெட்டின மண்சரிவுகளில் இந்த மாதிரி வளைகள் நிறைய. வாயைச் சுற்றி வெள்ளையாக நூல் பின்னியிருக்கும். இரவில் டார்ச் அடித்தால் இரண்டு கால்நுனி மட்டும் தெரியும், அதிர்வு பட்டதும் உள்ளே போய்விடும். நான் பார்த்தவரை பெரும்பாலும் சரிவில்தான் இருக்கின்றன, தண்ணீர் தேங்குகிற தட்டையான இடத்தில் கண்டதில்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் வளைக்குள் தண்ணீர் நிற்பதில்லை. பெட்டியிலும் மண்ணை ஒரு பக்கம் உயர்த்திச் சரிவாகப் போட்டால் நல்லதோ என்று தோன்றியது.

இதைப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆசைப்பட்டு மண்வெட்டி கொண்டு வளையைத் தோண்டாதீர்கள். ஒரு பெண் சிலந்தி பல வருடமாக இருந்த வீடு அது.

செம்மண்_டொரொண்டோ:

சரிவு மிக நல்ல யோசனை. தண்ணீர்க் குழாயைத் தாழ்ந்த பக்கத்திலும் கார்க் பட்டையை உயர்ந்த பக்கத்திலும் வைத்தால், அடியில் ஈரம், நடுவில் மிதமான ஈரம், மேலே காய்ந்த மண் என்று அதற்கு மூன்றும் கிடைக்கும். எது வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீலி_மான்செஸ்டர் (ஐந்து வாரம் கழித்து):

அக்கா, எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீர் வைத்த அன்றிரவே, விளக்கை அணைத்து அரை மணி நேரத்தில் கீழே இறங்கியது. சிவப்பு விளக்கில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே முகத்தைக் கிண்ணத்துக்குள் வைத்து, அசையாமல், இருபத்திரண்டு நிமிடம். நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. மறுநாள் மாலைக்குள் வயிற்றுச் சுருக்கம் காணோம்.

புதுப் பெட்டி 35 செ.மீ. உயரம்தான் கிடைத்தது. 23 செ.மீ. மண், ஒரு பக்கம் சரிவு. மாற்றின மூன்றாம் நாள் தோண்ட ஆரம்பித்தது. மண்ணை நூலால் உருண்டை பிடித்து, பற்களுக்கு நடுவில் தூக்கிக்கொண்டு வந்து, கிண்ணத்துக்குள்ளேயே போடுகிறது! தினமும் கழுவி வைத்தேன். ஒரு வாரத்தில் வளை பெட்டிச் சுவரை ஒட்டி அடிவரை போய்விட்டது. நான் அந்தப் பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, வேண்டும்போது மட்டும் தூக்கிப் பார்க்கிறேன். ஈரமும் காய்ந்த மண்ணும் சேருகிற கோட்டுக்குச் சரியாக மேலே, ஒரு அறை மாதிரி அகலப்படுத்தி அங்கேதான் படுத்திருக்கிறது.

இப்போது புதுக் கேள்வி. ஆறு நாளாக வளை வாயை மண்ணும் நூலும் வைத்து அடைத்துவிட்டது. சாப்பிட வரவில்லை. உள்ளே மூச்சு முட்டுமா? திறந்துவிடட்டுமா?

செம்மண்_டொரொண்டோ:

திறக்காதீர்கள் தம்பி. சட்டை உரிக்கப் போகிறது, பெரும்பாலும் அதுதான். அந்த நேரத்தில் மல்லாந்து படுத்திருக்கும். தாளைத் தூக்கிப் பார்க்கும்போது அப்படித் தெரிந்தால் செத்துவிட்டது என்று நினைத்துத் தட்டாதீர்கள். மண் வழியாகக் காற்று போகும், மூச்சு முட்டாது.

உள்ளே ஏதாவது சுவர்க்கோழி உயிரோடு சுற்றினால் எடுத்துவிடுங்கள். தோல் மென்மையாக இருக்கும்போது அது சிலந்தியையே கடித்துவிடும். அடியில் கறுப்புப் பட்டை குறையாமல் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஈரம் இல்லாவிட்டால் பழைய தோலில் கால் மாட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் நிறைய ஊற்றி, வளைக்குள் அது படுத்திருக்கும் அறையை நனைத்துவிடாதீர்கள்.

என் பவளம் ஒரு தடவை ஏழு வாரம் அடைத்துக்கொண்டு கிடந்தது. திறந்து வந்தபோது கால் நீலம் புதுப் பட்டு மாதிரி இருந்தது. உரித்த உடனே பற்கள் வெள்ளையாக இருக்கும், அப்புறம் சிவக்கும், கறுத்த பிறகுதான் இரை போட வேண்டும். இரண்டு வாரம் காத்திருங்கள்.

அதுவரை கிண்ணத்தைத் தினமும் கழுவி நிரப்பி வையுங்கள். வெளியே வந்ததும் முதலில் அங்கேதான் போகும்.