அரிடிஃபிகேஷன்: வறட்சியா, பாலையாதலா, வறள்வா?

குழுவினருக்கு வணக்கம்.

தமிழாக்க வேண்டிய நீர்வளக் கையேடு ஒன்றில் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: டிராட், அரிடிஃபிகேஷன், டெசர்ட்டிஃபிகேஷன். முதலாவது வறட்சி, மூன்றாவது பாலைவனமாதல். நடுவிலுள்ளது, ஓரிடத்தின் தட்பவெப்பமே நிலையாக உலர்ந்துபோவது. அதற்கு எதைப் போட்டாலும் வறட்சியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. 'பாலையாதல்' எனலாமா? முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்ற மரபு நமக்கு உண்டே.
– தி.

தி. ஐயா,

சொல் அழகுதான், பொருள் எதிராகப் போகிறது. மரபில் சொல்லும் பாலை வேனிலோடு வருவது. மழை பெய்தால் முல்லை மறுபடி முல்லை. அது வறட்சிக்குத்தான் பொருந்தும். அரிடிஃபிகேஷனில் பழைய சராசரி திரும்புவதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) என்று பிரித்தது. கணக்குக்கு எடுத்தவையோ மழை மிகுந்த ஆண்டுகள். 2000க்குப் பிறகு வரத்து, 20ஆம் நூற்றாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மழைக்குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல, வெப்பமும்தான். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7% கூடுதல் நீராவி கொள்ளும். அதை மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் உறிஞ்சும். மலைப்பனி முன்னதாக உருகும். உருகிய நீரைக் காய்ந்த மண் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் ஆற்றுக்கு விடும். அதே அளவு பனி விழுந்தாலும் ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரிக்குச் சேர்வது குறைகிறது. இதை வறட்சி என்று எழுதினால், படிப்பவர் அடுத்த நல்ல மழைக்குக் காத்திருப்பார். பங்கீட்டைத் திருத்த வேண்டும் என்று நினைக்கமாட்டார்.

'வறள்வு' என்பது என் முன்மொழிவு. உலர்–உலர்வு, தளர்–தளர்வு போல. அளவைக்கு வறள்மைக் குறியீடு: ஆண்டு மழையை, நீர் தட்டில்லாமல் கிடைத்தால் மண்ணும் பயிரும் ஆவியாக விடக்கூடிய அளவால் வகுக்க வேண்டும். விடை 0.65க்குக் கீழே என்றால் வறள்நிலம். 2024 டிசம்பரில் ரியாத் மாநாட்டில் வெளியான ஐ.நா. அறிக்கைப்படி, 2020 வரையிலான 30 ஆண்டுகளில் உலக நிலப்பரப்பில் 77.6%, அதற்கு முந்தைய 30 ஆண்டுகளைவிட வறண்டிருக்கிறது. இதற்கெல்லாம் 'வறட்சி' போதாது.
– மா.

வறள்வுக்கு என் ஓட்டு. ஆனால் பாலைவனமாதலையும் சும்மா விடக்கூடாது. பாலைவனமாதலைத் தடுப்பதற்கான 1994 ஐ.நா. உடன்படிக்கையின் வரையறை, குறியீடு 0.05 முதல் 0.65 வரையுள்ள நிலம் சீரழிவதைத்தான் சொல்கிறது. 0.05க்கும் கீழே இருக்கும் சகாராவின் நடுப்பகுதி அதில் சேராது! நம் சொல்லோ மணல் நகர்ந்து வந்து வயலை மூடும் படத்தைக் காட்டுகிறது.

சகாராவுக்குத் தெற்கே ஒட்டியுள்ள சாஹேலில் நடப்பது வேறு. புல் போனதும் மழைத்துளி நேராக மண்ணில் அறைகிறது. நுண்துகள் துளைகளை அடைக்கிறது, காய்ந்ததும் மேல்மண் ஓடாக இறுகுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். மழை சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதாக மாறும்போது நிலைமை இன்னும் மோசம். ஆண்டு மழையளவு குறையாமலே வேருக்கு நீர் இல்லை. அங்குள்ள புர்கினா ஃபாசோ நாட்டு உழவர்கள் அந்த இறுகிய மேலோட்டை உடைக்கத்தான் மழைக்கு முன்பே ஸாய் குழி தோண்டுகிறார்கள்: 20–40 செ.மீ. அகலம், 10–20 செ.மீ. ஆழம், தோண்டிய மண் சரிவின் கீழ்ப்பக்கம், குழிக்குள் எரு. எருவைத் தேடி வரும் கரையான் துளையிட்டு நீர் இறங்க வழி செய்யும். எருவை விட்டுவிட்டால் நீர் தேங்கும், பயிர் தேறாது. மழை அதிகமான இடத்தில் குழியே பயிரை அழுகவைக்கும்.

ஆகவே 'வறள்நிலச் சீரழிவு' என்கிறேன். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் படுகைக்கும் அது பொருந்தும். அங்கே 1960களிலிருந்து பருத்திக்கு ஆறுகளைத் திருப்பியதுதான் முதற்காரணம்.
– ச.

ச. அம்மா, பொருள் சரி. ஆனால் பாடநூலில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கினால் தேடுகிறவருக்கு எதுவும் அகப்படாது. உடன்படிக்கையின் பெயரில் பாலைவனமாதல் நிற்கட்டும். விளக்கத்தில் உங்கள் சொல் வரட்டும்.
– மா.

இருவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: டிராட் – வறட்சி, அரிடிட்டி – வறள்மை, அரிடிஃபிகேஷன் – வறள்வு, டெசர்ட்டிஃபிகேஷன் – பாலைவனமாதல், விளக்கம்: வறள்நிலச் சீரழிவு. வினையாக 'வறள்வுறுதல்'. 'வறண்ட' என்றால் மறுபடி வறட்சிக்கே போய்விடும். பத்தாண்டுகளுக்கு மேல் நீளும் மெகாடிராட்டுக்கு 'நெடுவறட்சி' என்று குறித்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.
– தி.