இரண்டு கல்லும் நுரைக்கிறது: எது சுண்ணாம்புக்கல், எது மணற்கல்?

பெரம்பலூர் அப்பா:
வணக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளியில் பாறை மாதிரிகள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் ஊர் கருடமங்கலம் பக்கம், போன ஞாயிறு அங்கே வாய்க்கால் ஓரமாக இரண்டு கல் பொறுக்கி வந்தோம். ஒன்று கருஞ்சாம்பல் நிறம், உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் ஓடுகள். இன்னொன்று பழுப்பு, தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. முதலாவது சுண்ணாம்புக்கல், அடுத்தது மணற்கல் என்று சீட்டு எழுதி ஒட்டியும் ஆயிற்று. சரி, சோதித்தும் பார்த்துவிடலாம் என்று வினிகர் விட்டால் இரண்டுமே நுரைக்கிறது! கத்தியால் கீறினால் இரண்டிலும் பொடி உதிர்கிறது. "அப்போ ரெண்டுமே சுண்ணாம்புக்கல்தானேப்பா" என்கிறாள். என்ன பதில் சொல்வது? வெள்ளிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.

பண்ருட்டி வாசி:
நுரைத்தால் சுண்ணாம்புக்கல்தான் சார், சந்தேகமே வேண்டாம். மணற்கல் என்றால் குவார்ட்ஸ் மணல், அதை வினிகர் ஒன்றும் செய்யாது. எங்கள் பக்கம் கடலூர் மணற்கல் சிவப்பாகக் கிடக்கும், நானே ஆசிட் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு குமிழ் வரவில்லை. சீட்டை மாற்றி எழுதிவிடுங்கள்.

கல்சுத்தியல்:
தயவுசெய்து சீட்டை மாற்றாதீர்கள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினோரு வருடமாகச் சாம்பிள் எடுக்கிற வேலை எனக்கு, இந்தக் குழப்பத்தில் புதிதாக வரும் பையன்கள் எல்லோருமே ஒருமுறை மாட்டுவார்கள். பண்ருட்டி நண்பர் அவர் ஊர்க் கல்லைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் எல்லா மணற்கல்லும் ஒன்றல்ல. மணற்கல் என்பது மணலும், அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிற பசையும் சேர்ந்தது. கடலூர்க் கல்லில் அந்தப் பசை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் களிமண்ணும், அதனால்தான் சிவப்பு, அதனால்தான் நுரைக்கவில்லை. கருடமங்கலத்துக் கல் ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலோரத்தில் படிந்தது. ஆறு கொண்டுவந்த மணலும் கடலின் சிப்பி ஓடும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்து, ஓட்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பே மணலுக்குப் பசையாக இறுகிவிட்டது. உங்கள் பழுப்புக் கல்லில் நுரைப்பது அந்தப் பசை, மணல் அல்ல.

கத்தியும் இதே மாதிரிதான் ஏமாற்றும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சைட் என்ற கனிமத்தின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில், 3, கத்தி அதையே சீவி மாவு மாதிரி வெள்ளைப் பொடி தரும். குவார்ட்ஸ் 7, கத்தியால் அதைக் கீறவே முடியாது. ஆனால் பசை விட்டுக்கொடுத்து மணி மணியாக உதிரும், பார்ப்பவர்கள் கல் மெது என்று நினைத்துக்கொள்வார்கள். உதிர்ந்த பொடியை ஒரு பழைய கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலுக்குத் துணி சுற்றி அழுத்தித் தேயுங்கள், கீறல் விழுந்தால் அது மணல்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, மகளுக்கும் பிடிக்கும். இரண்டு கல்லிலும் கோலிக்குண்டு அளவு துண்டு உடைத்து, நுணுக்கி, தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகரை நிறைய ஊற்றி வையுங்கள். மேல் பொருக்கில் எடுக்காதீர்கள், வெளியில் படிந்த சுண்ணாம்பு எந்தக் கல்லையும் நுரைக்க வைக்கும், உள்ளே உடைத்த புது முகம்தான் வேண்டும். நுரை அடங்கினால் வடித்துவிட்டுப் புது வினிகர். இரண்டு மூன்று நாள் ஆகும். கடைசியில் அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள், அதுதான் பதில். கழிவறை ஆசிட் சீக்கிரம் வேலை முடிக்கும், ஆனால் குழந்தை கையில் அது வேண்டாம்.

அப்புறம் ஒன்று, அந்தக் கருஞ்சாம்பல் கிளிஞ்சல் கல் சாதாரணக் கல் அல்ல. மெருகேற்றி அலங்கார வேலைக்கு எடுத்த கல், திருச்சிராப்பள்ளி மார்பிள் என்று பெயர். உண்மையில் மார்பிள் இல்லை, சுண்ணாம்புக்கல்தான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி வாசி:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், பசை விஷயம் இன்றுதான் தெரியும். நன்றி அண்ணா.

கிணற்றடி:
நான் யாழ்ப்பாணம். எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, கிணறுதான் எல்லாம். மழைநீர் கல்லைக் கரைத்து வெடிப்பும் பொந்துமாக வழி உண்டாக்கி அதற்குள்ளே ஓடும், கீரிமலைக் கேணிக்கு ஊற்று வருவதும் அப்படித்தான். வழி திறந்து கிடப்பதால் மேலே கொட்டுகிற உரமும் மலக்குழி நீரும் வடிகட்டப்படாமல் நேராகக் கிணற்றுக்கு வந்துவிடும், எங்களுக்கு இது பெரிய கவலை. மணற்கல்லில் தண்ணீர் மணிகளுக்கு இடையில் மெதுவாக ஊர்ந்து வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அப்படி அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். பிள்ளை இதையும் சீட்டில் இரண்டு வரி எழுதலாம்.

பெரம்பலூர் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள், நான்கு முறை வினிகர் மாற்றினோம். கிளிஞ்சல் கல் போட்ட தம்ளரில் சாம்பல் நிறச் சேறு ஒரு விரல்நுனி அளவுதான். பழுப்புக் கல் தம்ளரில் அரை ஸ்பூன் மணல், கழுவிக் காயவைத்தால் ஆற்று மணல் மாதிரியே மின்னுகிறது. மகள் அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மணற்கல்லின் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள், சீட்டில் "சுண்ணாம்புப் பசை கொண்ட மணற்கல்" என்று எழுதியாயிற்று.