ஸ்னோவில் கார் நின்றால்: புதிதாகக் கனடா போன நம்மட பிள்ளைகளுக்கு

களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து போன பிள்ளைகள் சிலர் இப்போதுதான் அங்கே முதல் கார் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்ராறியோவில் பல வருடம் டெலிவரி வான் ஓட்டிவிட்டு நான் இப்போது கல்லடியில் இருப்பதால், "அண்ணா, வின்ரருக்குக் காரில் என்ன வைக்கணும்?" என்று ஆளுக்காள் கேட்கிறீர்கள். சரி, எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் நம்மட ஊர்ப் பழக்கம் ஒன்றை விடவேண்டும். இங்கே வாகனம் நின்றால் உடனே இறங்கி நடப்போம். வாழைச்சேனை ரோட்டில் நின்றாலும் நாலு பேர் தள்ள வருவார்கள், கடைக்காரர் கராஜ் பாசுக்குக் கோல் எடுத்துத் தருவார். அங்கே ஸ்னோ அடிக்கும்போது இறங்கி நடந்தால் கொஞ்சத் தூரத்திலேயே திசை தெரியாது, உங்கள் காரையே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. உதவி வரும்வரை உள்ளேயே இருங்கள். 2010 டிசம்பரில் சார்னியாவுக்கும் ஒன்ராறியோ லண்டனுக்கும் இடையே 402ஆம் ஹைவேயில் 300க்கும் அதிகமான ஆட்கள் ஸ்னோவில் சிக்கினார்கள். சிலர் ஒரு நாள் முழுக்க வாகனத்துக்குள்தான். இராணுவ ஹெலிகொப்டர் வந்து ஆட்களை ஏற்றியது. அதனால் சாமான் சேர்க்கும்போது, ஒரு இரவு காருக்குள் குந்தியிருக்க என்ன தேவை என்று யோசியுங்கள்.

தடித்த போர்வை, மேலதிக மேசு, கையுறை, தொப்பி, ரோச் லைட், கஜு மாதிரிக் கெடாத சாப்பாடு. தண்ணீர்ப் போத்தலும் வையுங்கள், ஆனால் விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறைந்தால் வெடிக்கும். இவை பின் சீற்றில் இருக்கட்டும். பின்னால் யாராவது இடித்தால் டிக்கி திறக்காது. சவள், மண் அல்லது பூனை மலத்துக்குப் போடும் லிற்றர், பற்றரி கேபிள் டிக்கியில் இருக்கலாம். ஸ்னோவில் சில்லு சுற்றினால் அந்த லிற்றரை முன்னால் தூவினால் பிடி கிடைக்கும். போனைச் சட்டைக்குள் வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

இனி உயிர் போகிற விஷயம். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கிவிடுவார்கள். சைலன்சர் குழாயை ஸ்னோ மூடியிருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. எஞ்சினைப் போடமுன் ஒவ்வொரு தடவையும் இறங்கிக் குழாயைச் சுற்றி வெட்டித் துப்புரவாக்குங்கள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். அந்த நேரம் காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். இதற்கெல்லாம் பெற்றோல் வேண்டுமே, ராங்க் பாதிக்குக் கீழே போகவே விடாதீர்கள்.

அவசர உதவி நம்பர் 911க்கு எடுத்தால் ஹைவே நம்பர், எந்தத் திசை, கடைசியாகத் தாண்டிய எக்சிற் நம்பர், மூன்றையும் சொல்லுங்கள். வெறும் இழுவை வாகனத்துக்கு 911 வேண்டாம், அதற்குச் சீஏஏ (CAA, நடுரோட்டில் நின்ற காருக்கு உதவும் சங்கம்) மாதிரி அங்கத்துவம் ஒன்று எடுத்து வையுங்கள். பரி (Barrie) நகர்ப் பக்கம் 400ஆம் ஹைவேயில் போகிறவர்கள் வெளிக்கிடமுன் 511 என்ற ரோட்டுத் தகவல் சேவையில் ரோட்டு நிலைமை பார்ப்பது நல்லம். ஜோர்ஜியன் பே பக்கமிருந்து வரும் ஸ்னோ, வெயில் அடித்த ரோட்டை நிமிடத்தில் மறைத்துவிடும்.

ரயர் பற்றிப் பலர் கேட்டீர்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016இலிருந்து இன்சூரன்ஸ்காரர் அதற்குக் கழிவு தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். ஓல் சீசன் ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். மலையும் ஸ்னோப் பூவும் போட்ட அடையாளம் உள்ள ரயரே நல்லம். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போடாதீர்கள், வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி கழுவும் தண்ணியும் மைனஸ் 40 என்று போட்டதை வாங்குங்கள்.

பற்றரி செத்தால் இன்னொரு காரிலிருந்து ஸ்ராட் பண்ணக் கேபிள் எப்படிக் கொழுவுவது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. இரண்டு எஞ்சினும் நிற்கவேண்டும், கார்கள் முட்டக்கூடாது. சிவப்பை முதலில் செத்த பற்றரியின் பிளஸ்ஸில், மற்ற முனையை நல்லதின் பிளஸ்ஸில். கறுப்பை நல்லதின் மைனஸில் கொழுவி, கடைசி முனையை செத்த பற்றரியில் கொழுவாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில் கடிக்க விடுங்கள். நல்ல காரை முதலில் ஸ்ராட் பண்ணிச் சில நிமிடம் விட்டு மற்றதைப் போடுங்கள். கழற்றும்போது அப்படியே பின்னிருந்து முன்.