புல்தரைக்கு இடும் உரம் வாசல் வடிகால் வழியே எங்கே போகிறது?

கேள்வி (தரைவீட்டுவாசி):
வணக்கம். எங்கள் வீட்டு முன்புறப் புல்தரைக்குத் தோட்டக்காரர் மாதந்தோறும் மணி உரம் தூவுகிறார். களைக்குக் கிளைபோசேட்டும் புழுவுக்குச் சைபர்மெத்ரினும் தெளிக்கிறார். சென்ற வாரம் உரம் தூவிய அன்று மாலையே அடைமழை பெய்து, மணிகள் வடிகாலில் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நீர் எப்படியும் சுத்திகரிக்கப்பட்டுவிடும் என்கிறார் அவர். அது சரிதானா?

பதில் 1 (கால்வாயோரம்):
பாதிதான் சரி. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், உங்கள் வாசல் வடிகாலின் நீர் பெரும்பாலும் 17 நீர்த்தேக்கங்களுள் ஒன்றைச் சென்றடையும். குழாயில் வருமுன் பொதுப் பயனீட்டுக் கழகம் அதைச் சுத்திகரிக்கிறது. ஆனால் கால்வாயில் வாழும் மீனுக்கும் தவளைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பதில் 2 (மண்ணியல் மாணவி):
உரத்தில் நான் முதலில் பார்ப்பது பாஸ்பரஸை. நன்னீரில் பாசியின் பெருக்கத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது அதன் பற்றாக்குறையே. 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டுமே பாசி படர்ந்து பச்சையானது. பாசி இரவில் சுவாசிக்கும்போதும், மடிந்து அழுகும்போதும் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைவதால், மீன்கள் விடியற்காலையில் மூச்சுத் திணறி மேலே வரும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் புல்தரை உரத்தில் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தியதற்கும் இதுவே காரணம். நன்கு வேரூன்றிய புல்தரைக்குப் பெரும்பாலும் நைட்ரஜன் போதும். உரப்பையிலுள்ள மூன்று எண்களில் பாஸ்பரஸைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இருப்பதை வாங்குங்கள்.

பதில் 3 (பழைய தோட்டக்காரன்):
ஒரு வீட்டு உரத்தால் நீர்த்தேக்கம் கெட்டுவிடாது. தெரு முழுவதும் அதே நாளில் தூவினால் கணக்கு வேறு. எனக்குச் சைபர்மெத்ரின்தான் அதிகக் கவலை தருகிறது. கிளைபோசேட் மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும் (ஆனால் இலையில் ஒட்டுவதற்காக அதனுடன் கலக்கும் சில திரவங்கள் தலைப்பிரட்டைகளைக் கொல்லும்). சைபர்மெத்ரினோ மிகச் சிறிய அளவிலேயே மீனையும் இறாலையும் நீர்ப்பூச்சிகளையும் தாக்கும். வண்டலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கவும் செய்யும். புழு இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அதைத் தெளிக்க விடாதீர்கள். வடிகாலை ஒட்டிய ஓரத்தில் எதையும் தூவாமல் புல்லைச் சற்று உயரமாக விடுங்கள். வெட்டிய புல்லை வடிகாலில் தள்ளாமல் தரையிலேயே பரப்பினால் உரச்செலவும் குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உரமே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தெளிப்பான் கழுவிய நீரையும் இதுவரை வடிகாலில்தான் ஊற்றி வந்தார். அதை என்ன செய்வது?

பதில் 3 (பழைய தோட்டக்காரன்):
அந்த நீரை, மருந்து தெளித்த புல்லின் மீதே மழையில்லாத நாளில் மெல்லிதாகத் தெளித்துவிடச் சொல்லுங்கள். தேவைக்கு மட்டும் கலந்தால் மிச்சமே இராது.