லாபி விதியை எழுதி வைத்துவிடலாமா? (மலேசியா, சுங்கை சிப்புட் பொங்கல் கபடி)

தோட்டத்துப் பையன்:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். இந்த வருடம் பொங்கல் கபடி ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு விதி மாற்றம் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கருத்து வேண்டும்.

போன வருடம் நடந்த அரையிறுதி பலருக்கு நினைவிருக்கும். எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். இரண்டு ரெய்டு (பாடிப் போவது) புள்ளியில்லாமல் போய்விட்டது; இது மூன்றாவது, புள்ளி எடுத்தே ஆக வேண்டும். பாடிப் போன தம்பிக்கு 17 வயது. வலது ஓரமாகச் சாய்ந்தான், யாரையும் தொடவில்லை, குதிகால் லாபிக்குள் (களத்தின் இரு ஓரமும் உள்ள பட்டை, யாரையாவது தொட்ட பிறகுதான் ஆடுகளத்தில் சேரும்) போய்விட்டது. பின்னாலேயே மூன்று பேர் பாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் மட்டும் அவுட்டா, லாபிக்குள் வந்த அந்த மூவரும் அவுட்டா? நடுவர் முதலில் ஒன்று சொன்னார், அப்புறம் மாற்றிச் சொன்னார். குனிந்து பார்த்தால் அங்கே கோடே இல்லை. காலையில் போட்ட சுண்ணாம்பு செம்மண்ணில் மிதிபட்டு வெளிர்சிவப்புத் தடமாகக் கிடந்தது. நாற்பது நிமிடம் சண்டை. தோற்றதுகூடப் பெரிதில்லை. எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தம்பி பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடி இறுதியாட்டத்திலும் இதேதான். இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது இந்திய ரெய்டர் பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார், ஈரான் வீரர்கள் பின்தொடர்ந்தார்கள். பழைய விதியா (பின்தொடர்ந்தவர்களும் அவுட்), புதிய விதியா (ரெய்டர் மட்டும் அவுட்) என்று சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது.

என் யோசனை: தொடாமல் லாபியை மிதித்தால் ரெய்டர் மட்டும் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி, அதோடு அந்த ரெய்டு முடிந்தது. இதைத் தாளில் எழுதி, காலையில் எல்லாக் கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். லாபிக் கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், ராஃபியா (பிளாஸ்டிக்) கயிறு கட்டி ஆணி அடிக்கலாம்.

இடது கார்னர்:
தம்பி, எழுதி வைப்பது சரி. ஆனால் ரெய்டர் மட்டும் அவுட் என்பதை நான் ஏற்க மாட்டேன். நாங்கள் மூச்சு விடாமல் பாடிய காலத்தில், ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்ற கணக்கெல்லாம் இல்லாதபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் காலை ஊன்றி நிற்பதுதான் பிடிப்பவனுக்கு முதல் பாடம். தொடுவதற்கு முன் லாபி ஆடுகளமே இல்லை. அப்படியிருக்க, அவசரப்பட்டு வெளியே பாய்ந்தவனை ஏன் விட வேண்டும்? இந்த விதி வந்தால் ரெய்டரை ஓரத்துக்கு விரட்டிவிட்டுக் கூட்டமாகப் பாய்வார்கள். முழங்கால் போவது உன் தம்பிக்குத்தான்.

விசில்:
நான் பத்து வருடமாக நடுவராக நிற்கிறேன். எந்த விதியானாலும் எனக்குச் சம்மதம், ஒன்றே ஒன்று இருந்தால் போதும். ஆனால் ஒரே ஆளால் இரண்டு லாபியைப் பார்க்க முடியாது. முறையான போட்டியில் ரெஃபரி ஒருவர், அம்பயர் இருவர், அது போக ஸ்கோரரும் இரண்டு உதவி ஸ்கோரர்களும் இருப்பார்கள். நம் ஊரில் ஒரு விசிலும் ஒரு கரும்பலகையும்தான். பக்கத்துக்கு ஒரு அம்பயரை நிறுத்துங்கள். ஆடுகிற இரண்டு தோட்டத்துக்கும் சம்பந்தமில்லாதவராகப் பாருங்கள்.

பெண்கள் அணி டீச்சர்:
ராஃபியா வேண்டாம் தம்பி. போன மாதம் பயிற்சியில் ஒரு பிள்ளையின் கால் விரல் அதில் மாட்டி நகம் பெயர்ந்தது. நாங்கள் இப்போது இரண்டு விரல் அகல வெள்ளை நைலான் பட்டையை விரித்து, ஆணியின் தலை மண்ணுக்குள் போகும்வரை அடிக்கிறோம். மழையிலும் நிற்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8. நம் ஊரில் பெண்களையும் ஆண்கள் களத்திலேயே ஆட விடுகிறார்கள். அப்படி ஆடினால் லாபி இருக்க வேண்டிய இடம் ஒரு மீட்டர் தள்ளிப்போகிறது. என் பிள்ளைகள் பழகிய இடத்தில் காலை வைத்தால் அங்கே கோடு இல்லை. இரண்டாவது களத்தைப் பெண்கள் அளவில் போடச் சொல்லிக் கூட்டத்தில் பேசுவீர்களா?

தோட்டத்துப் பையன்:
கட்டாயம் பேசுகிறேன் டீச்சர். பட்டையையும் எழுதிக்கொண்டேன், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கார்னர் அண்ணே, கூட்டமாகப் பாய்வார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் இப்படி வைக்கலாமா: ரெய்டரின் கால் லாபியில் பட்டதும் அம்பயர் விசில் அடிப்பார். விசிலுக்கு அப்புறம் பிடித்தால் ரெய்டர் அணிக்கு ஒரு புள்ளி. விசிலுக்கு முன்னால் பாய்ந்தவருக்குத் தண்டனை இல்லை.

விசில் அண்ணே, அம்பயராக நிற்க வெளியூரில் இரண்டு பேரைக் கேட்டுப் பார்க்கிறேன். அவர்களுக்குப் பெட்ரோல் காசும் சாப்பாடும் குழு தர வேண்டும், அதையும் தாளில் சேர்க்கிறேன்.

இடது கார்னர்:
விசில் சரியான நேரத்தில் வந்தால் எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். உன் தம்பியின் வீடு எந்த லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) இருக்கிறது? கூட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.