ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூளையைப் பற்றி எதற்கு?

மழலை டீச்சர்: யு.கே.ஜி. பிள்ளைகளிடம் கவனம், ஞாபகம், சுயகட்டுப்பாடு எல்லாம் மூளை செய்கிற வேலை என்று பேர் சொல்லியே விளக்க வேண்டும் என்பது என் கட்சி. எதிர்ப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை: வந்துவிட்டேன், டீச்சர். வீண் வேலை. உளவியலாளர் ஜான் ஃப்ளேவெல் குழு 1990-களில் சோதித்ததுதானே? சும்மா உட்கார்ந்திருப்பவர் மனதில் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டால், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் பலர் ஒன்றுமில்லை என்றார்கள். நினைப்பு என்பதே பிடிபடாத வயதில் விளக்கம் எதற்கு? 'காக்கா பற பற, குருவி பற பற, மாடு பற பற' விளையாட விடுங்கள். மாட்டுக்குக் கையைத் தூக்காமல் இருப்பதே போதுமான பயிற்சி.

மழலை டீச்சர்: அதே ஆட்டம்தான் சார் எங்கள் வகுப்பிலும். முடிந்ததும், "மாடு வந்தப்போ கையை எப்படி அடக்கினே?" என்று கேட்பேன். "மாட்டுக்கு றெக்கை இருக்கான்னு மனசுக்குள்ள கேட்டேன்" என்றான் ஒருவன். அடுத்த சுற்றில் பக்கத்துப் பிள்ளையும் அதையே செய்தது. வெறுமனே விளையாடிவிட்டுப் போயிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

ரெண்டு வாலு அம்மா: எங்கள் வீட்டில் வேறு கதை. பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது வீட்டுப்பாடம் என்றாலே "என் மூளைக்கு டயர்டு" என்கிறாள் மகள் :)

மழலை டீச்சர்: ஹாஹா, அது வேறு திறமை! ஆனால் உளவியலாளர் வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனையைப் பாருங்கள். முன்னால் வைத்த மெத்தென்ற மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் அது. மிட்டாயை மேகமாக நினைத்துக்கொள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள், அதன் ருசியை நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிக நேரம் காத்திருந்தார்கள். ஒரு வாக்கியம் சொன்னதற்கே அவ்வளவு பலன்.

கணக்குப்பிள்ளை: அந்தச் சோதனையா! காத்திருந்த பிள்ளை பின்னாளில் நன்றாகப் படிக்கும் என்றார்கள். 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், குடும்பச் சூழல், தாயின் படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

மழலை டீச்சர்: அது எதிர்காலத்தைக் கணிக்கிற பேச்சு. நான் கேட்பது அந்த நிமிடத்தில் பிள்ளை எப்படிச் சமாளிக்கிறது என்பதை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை: சரி, உத்தி சொல்லித் தாருங்கள், ஆட்சேபம் இல்லை. சுவரில் மூளைப் படத்தை ஒட்டி, பாகம் பாகமாக ஒப்பிக்க வைப்பதை நிறுத்துவீர்களா?

மழலை டீச்சர்: ஒப்பிப்பது எங்கள் வகுப்பில் கிடையாது. படம் இருக்கும், அதைக் கழற்றமாட்டேன்.